நீக்கிய விளம்பரத்தைப் பற்றி விண்ணப்பித்தவரிடமும் சொல்லுங்கள்: வேலைவாய்ப்புத் தளங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வேலைவாய்ப்புத் தளங்களையும் செயலிகளையும் நடத்தும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

வேலை தேடுவோருக்குச் சுயவிவரக் குறிப்பு எழுதவும் நேர்காணலுக்குத் தயாராகவும் உதவுகிற பணியில் இருக்கிறேன். அந்தப் பணியில் அடிக்கடி கண்ணில் படுகிற ஒரு குறையை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இம்மடலை எழுதுகிறேன். போலி என்று தெரியவந்த விளம்பரத்தை நீங்கள் தளத்திலிருந்து எடுத்துவிடுகிறீர்கள். ஆனால் எடுப்பதற்கு முன்பே அதற்கு விண்ணப்பித்துவிட்டவர்களுக்கு, அது போலி என்று ஒரு வரி எழுதி உங்களில் பலர் அனுப்புவதில்லை. ஏற்கெனவே அனுப்பிவருகிற சிலர் இருப்பீர்கள். அவர்களுக்கு என் நன்றி. இம்மடல் மற்றவர்களுக்கானது.

அண்மையில் ஒரு பட்டதாரிப் பெண் தமக்கு வந்த பணி நியமனக் கடிதத்தைப் பார்த்துச் சொல்லும்படி என்னிடம் காட்டினார். பெயர்பெற்ற ஒரு நிறுவனத்தின் கடிதத்தாளில் அச்சிட்டது போல இருந்தது. திரையில் சற்றுப் பெரிதாக்கியபோது இலச்சினையின் விளிம்புகள் கலங்கித் தெரிந்தன; எங்கிருந்தோ வெட்டி ஒட்டிய படம் அது. முதல் பத்தியில் ஒரு பதவிப் பெயரும் மூன்றாம் பத்தியில் வேறொரு பதவிப் பெயரும் இருந்தன. கையெழுத்துக்குக் கீழே ஆள் பெயர் இல்லை, ‘மனிதவளப் பிரிவு’ என்று மட்டும் இருந்தது. பணியில் சேர்வதற்கு முன் மடிக்கணினிக்காக ஒரு வைப்புத்தொகை செலுத்த வேண்டும், முதல் மாதச் சம்பளத்தோடு அது திரும்ப வந்துவிடும் என்று கடைசிப் பத்தி சொன்னது. பணம் போட வேண்டிய வங்கிக் கணக்கோ ஒரு தனிநபரின் பெயரில் இருந்தது.

அந்த வேலைக்கு அவர் விண்ணப்பித்தது உங்களுடையதைப் போன்ற ஒரு தளத்தின் வழியாகத்தான். அவருடைய கணக்கைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். விண்ணப்பித்த வேலைகளின் பட்டியலில் அந்த வேலைக்கு நேரே, ‘இப்பணிக்கு இனி விண்ணப்பங்கள் ஏற்கப்படமாட்டா’ என்று இருந்தது. அதே பட்டியலில், ஆள் எடுத்து முடித்துவிட்ட உண்மையான வேலைகளுக்கு நேரேயும் இதே வரிதான். அவர் அதற்கு மிக இயல்பான ஒரு பொருள் கொண்டிருந்தார்: இடம் நிரம்பிவிட்டது, அந்த இடத்துக்குத் தேர்வானது தாம்தான், அதனால்தான் விளம்பரத்தை மூடிவிட்டார்கள். தளத்தின் புகார்ப் பக்கத்தில் எழுதிக் கேட்டபோது, விதிமீறலுக்காக அந்த விளம்பரம் நீக்கப்பட்டது என்று பதில் வந்தது. நியமனக் கடிதம் அவர் கைக்கு வருவதற்கு முன்பே நீக்கியிருக்கிறார்கள். ஆக, மோசடியைத் தடுக்கத் தளம் எடுத்த நடவடிக்கை, விண்ணப்பித்தவரின் கண்ணுக்கு அந்தப் போலிக் கடிதம் உண்மைதான் என்று சாட்சி சொல்வதாக ஆகிவிட்டது. நல்லவேளையாக அவர் பணம் கட்டியிருக்கவில்லை.

போலி வேலைகளைக் கண்டறிவது எப்படி என்று உங்கள் தளங்கள் பலவற்றில் ஓர் அறிவுரைப் பக்கம் இருக்கிறது. பெரும்பாலும் பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில், வேலை தேடுபவர் போகாத இடத்தில் இருக்கிறது என்பதை ஒருபுறம் வைப்போம். அந்த அறிவுரைகள் தவறானவை அல்ல. நானும் அவற்றைத்தான் என்னிடம் வருவோருக்குச் சொல்கிறேன். வேலை தேடுவோரும் இம்மடலைப் படிக்கக்கூடும் என்பதால் முக்கியமான அடையாளங்களை இங்கேயே எழுதிவிடுகிறேன். ஒவ்வோர் அடையாளமும் யார் கண்ணில் முதலில் படுகிறது, யார் கண்ணில் மிகத் தாமதமாகப் படுகிறது என்பதை நீங்கள் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் உறுதியான அடையாளம் பணம். வேலை கொடுப்பவர் சம்பளம் தருபவர். அவர் விண்ணப்பித்தவரிடம் பணம் கேட்டால் அங்கே வேலை இல்லை என்று முடிவு கட்டிவிடலாம். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், பின்னணிச் சரிபார்ப்புக் கட்டணம், சீருடை, மருத்துவப் பரிசோதனை, விசா செலவு எனப் பெயர் மாறிக்கொண்டே போகும். ‘திரும்பத் தரப்படும்’ என்ற சொல் சேரும்போது கேட்பவரின் எச்சரிக்கை உணர்வு கொஞ்சம் தளர்கிறது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1997இல் நிறைவேற்றிய 181ஆம் உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு, தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் தொழிலாளர்களிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. தொழிலாளர் நலன் கருதிச் சில வகையினருக்கு அரசு விலக்கு அளிக்கலாம். அளித்தால் காரணத்தை அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். எல்லா நாடுகளும் இவ்வுடன்படிக்கையை ஏற்கவில்லை, கட்டணத்தை ஓரளவுக்கு அனுமதிக்கிற சட்டங்களும் உண்டு. ஆனாலும் நேர்காணல்கூட முறையாக நடக்காத நிலையில் தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்வதை எந்தச் சட்டமும் ஆட்சேர்ப்பு என்று ஏற்காது.

இந்த அடையாளம் உறுதியானது என்றாலும் விண்ணப்பித்தவரிடம் அது கடைசியில்தான் வந்து சேர்கிறது. பணம் கேட்கப்படும் நேரத்துக்குள் அவர் சுயவிவரத்தை அனுப்பியிருப்பார், அடையாள அட்டையின் நகலைக் கொடுத்திருப்பார், வீட்டில் செய்தியைச் சொல்லியிருப்பார், இருக்கிற வேலையை விடுவதாகக் கடிதம்கூடக் கொடுத்திருப்பார். அவ்வளவு தூரம் வந்தபின், இதெல்லாம் பொய் என்று தமக்குத் தாமே ஒப்புக்கொள்வது எளிதான காரியமில்லை.

அடுத்தது முகவரி. மின்னஞ்சலில் தெரிகிற அனுப்புநர் பெயரை யாரும் எப்படியும் வைத்துக்கொள்ளலாம். பார்க்க வேண்டியது ‘அட்’ குறிக்குப் பின்னால் வருவதை. நிறுவனத்தின் பெயரோடு ஒரு இணைப்புக்கோடும் ‘கேரியர்ஸ்’ அல்லது ‘எச்ஆர்’ என்ற சொல்லும் சேர்ந்திருந்தால், அது அந்த நிறுவனத்துக்குத் தொடர்பே இல்லாத, யாரோ தனியாக வாங்கிய முகவரியாக இருக்கலாம். ஆங்கிலச் சிற்றெழுத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் அடுத்தடுத்து எழுதினால் கைபேசித் திரையில் ‘எம்’ போலவே தெரியும். இந்த ஒரு தந்திரத்தில் கண் ஏமாறாதவர் அரிது. இணைய முகவரியின் முற்பகுதியில் நிறுவனத்தின் பெயர் இருப்பதும் ஒன்றையும் உறுதிப்படுத்தாது, உரிமையாளரைக் காட்டுவது, தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டால், அதற்கடுத்த முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் இருக்கிற பகுதியே. அந்த முகவரி என்றைக்குப் பதிவு செய்யப்பட்டது என்பதை யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். 2018க்குப் பிறகு தனியுரிமை விதிகளால் பதிவு செய்தவரின் பெயர் பெரும்பாலும் மறைக்கப்பட்டுவிட்டது, ஆனால் பதிவான தேதி பொதுவாக இப்போதும் தெரியும். பல ஆண்டுகளாக இயங்குவதாகச் சொல்லும் நிறுவனத்தின் முகவரி சென்ற மாதம் பதிவாகியிருந்தால் வேறு விசாரணை தேவையில்லை. விளம்பரத்தில் உள்ள எண்ணையும் இணைப்பையும் விட்டுவிட்டு, நிறுவனத்தின் இணையதளத்தைத் தாமே தேடிச் சென்று, அங்குள்ள வேலைவாய்ப்புப் பக்கத்தில் அதே வேலை இருக்கிறதா என்று பார்ப்பது இதைவிடவும் நல்ல வழி.

இந்தச் சோதனையை விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியே செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். விளம்பரத்தை வெளியிடும்போதே ஒருமுறை நீங்கள் செய்துவிட்டால் போதுமே. விளம்பரம் கொடுப்பவரின் மின்னஞ்சலில் ‘அட்’ குறிக்குப் பின்னால் உள்ள முகவரி எப்போது பதிவானது என்று பார்ப்பதும், நிறுவனத்தின் உண்மையான முகவரிக்கு ஒரு குறியீட்டை அனுப்பி அதைத் திருப்பிச் சொல்லச் சொல்வதும் உங்கள் பொறியாளர்களுக்குப் பெரிய வேலையாக இராது.

நேர்காணல் நடக்கும் விதமும் பலவற்றைச் சொல்லிவிடும். விண்ணப்பித்த சில நிமிடங்களில் ‘தேர்வாகிவிட்டீர்கள்’ என்று செய்தி வருவது, உடனே டெலிகிராமுக்கோ வாட்ஸ்அப்புக்கோ வரச் சொல்வது, முகம் காட்டாமல் எழுத்திலேயே நேர்காணலை முடித்துவிடுவது, இன்று மாலைக்குள் முடிவு சொல்லாவிட்டால் இடம் போய்விடும் என்று நெருக்குவது ஆகியவற்றில் இரண்டு சேர்ந்து வந்தாலே விலகிவிடும்படி சொல்கிறேன். ஒருவரை வேலைக்கு எடுப்பது நிறுவனத்துக்கும் செலவு வைக்கிற முடிவு. கேள்வி கேட்காமல் யாரும் அதை எடுப்பதில்லை. ஆனால் உங்கள் தளத்தின் உரையாடல் பகுதியில் முதல் செய்தியிலேயே வெளிச் செயலிக்கு அழைக்கும் ஒருவர், அதே வாசகத்தை எத்தனை பேருக்கு அனுப்பியிருக்கிறார் என்பதை விண்ணப்பித்தவர் அறிய வழியில்லை. நீங்கள் அறியலாம்.

பணமே கேட்காத மோசடிகளை இன்னும் அதிகமாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது. அடையாள அட்டை, வங்கிக் கணக்கு விவரம், கையில் அட்டையைப் பிடித்தபடி எடுத்த செல்ஃபி, அதன்பின் ஒரு ஓடிபி என்று வரிசையாக வாங்கிக்கொண்டு, அந்த நபரின் பெயரில் கடன் வாங்குவார்கள், சிம் எடுப்பார்கள், கணக்குத் திறப்பார்கள். பணி நியமனம் உறுதியாகி, நிறுவனம் உண்மையானது என்று தெரிந்த பிறகுதான் இவற்றில் எதையும் கொடுக்க வேண்டும். ஓடிபியை அப்போதும் கொடுக்க வேண்டியதில்லை. ‘பணப் பரிமாற்ற உதவியாளர்’ என்ற பெயரில் வருகிற வேலை, விண்ணப்பித்தவரின் கணக்கில் யாருடைய பணத்தையோ போட்டு வேறு கணக்குக்கு மாற்றச் சொல்லும். அந்தப் பணம் இன்னொருவரிடமிருந்து ஏமாற்றிப் பறித்தது என்பதும், விசாரணை வரும்போது முதலில் சிக்குவது கணக்கு வைத்திருப்பவர்தான் என்பதும் பின்னால்தான் தெரியும். அலுவலகச் சாதனங்கள் வாங்கிக்கொள்ளும்படி ஒரு காசோலையை அனுப்பி, மீதியைத் திருப்பி அனுப்பச் சொல்வது இன்னொரு வழி. காசோலை போலி என்று வங்கி கண்டறிவதற்குள் இவர் அனுப்பிய சொந்தப் பணம் போய்ச் சேர்ந்திருக்கும்.

காணொளிக்கு விருப்பக்குறி இடுவது, விடுதிகளுக்கு மதிப்பெண் போடுவது போன்ற சிறு பணிகளுக்குக் காசு தருவதாகச் சொல்லும் வகை வேகமாகப் பரவியிருக்கிறது. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையத்துக்கு 2020இல் இவ்வகைப் புகார்கள் ஏறக்குறைய வரவே இல்லை. 2023இல் ஏறத்தாழ 5,000 வந்தன. 2024இன் முதல் பாதியில் மட்டும் ஏறத்தாழ 20,000 வந்தன. முதலில் கொஞ்சம் பணம் உண்மையாகவே கைக்கு வரும். அந்த நம்பிக்கையில், அடுத்த கட்டப் பணிகளைத் திறக்க முன்பணம் கட்டச் சொல்வார்கள். திரையில் சேர்ந்துகொண்டே போகிற வருமானத்தை எடுக்க மேலும் கட்டச் சொல்வார்கள். திரையில் தெரிவது வெறும் எண், பணம் அங்கே இல்லை.

இதில் ஏமாறுகிறவர்கள் பேராசைக்காரர்கள், படிக்காதவர்கள் என்ற எண்ணம் உங்கள் அறிவுரைப் பக்கங்களின் தொனியிலேயே தெரிகிறது. அதைத் தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள். தென்கிழக்கு ஆசியாவின் இணைய மோசடி மையங்கள் குறித்து ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் வலுக்கட்டாயமாக இணைய மோசடியில் ஈடுபடுத்தப்பட்டிருக்கக்கூடும் என்று அது மதிப்பிட்டது. நல்ல வேலை என்ற விளம்பரத்தை நம்பிப் போனவர்கள் அவர்களில் ஏராளம். பலர் நன்கு படித்தவர்கள், கணினி தெரிந்தவர்கள், பல மொழி அறிந்தவர்கள். 2022 மார்ச்சில் ரோனின் என்ற பிளாக்செயின் வலையமைப்பிலிருந்து 60 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள கிரிப்டோ நாணயம் களவுபோனது. அதன் பொறியாளர் ஒருவருக்கு இல்லாத நிறுவனத்தின் பெயரில் நேர்காணல்கள் நடத்தி, நியமனக் கடிதம் என்று அனுப்பிய பிடிஎஃப் கோப்பின் வழியாகவே திருடர்கள் உள்ளே நுழைந்தார்கள் என்று பின்னர் செய்தி வந்தது. கணினித் துறையையே தொழிலாகக் கொண்ட பொறியாளருக்கு நேர்ந்ததை, முதல் வேலை தேடுகிற இருபத்திரண்டு வயதுக்காரர் தம் கவனத்தால் தவிர்த்துவிடுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. வெளிநாட்டு வேலை என்றால், அழைக்கும் முகவர் அரசிடம் உரிமம் பெற்றவரா என்று பார்ப்பதும், சுற்றுலா விசாவில் வரச் சொன்னால் மறுத்துவிடுவதும் குறைந்தபட்சப் பாதுகாப்பு.

மோசடி என்று சொல்ல முடியாத இன்னொரு பொய்யும் உங்கள் தளங்களில் இருக்கிறது. நிறுவனம் உண்மையானது, விளம்பரம் உண்மையானது, காலியிடம் மட்டும் இல்லை. சுயவிவரங்களைச் சேர்த்து வைக்கவும், வளர்ந்துவருவதாகக் காட்டிக்கொள்ளவும் இப்படி விளம்பரம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2026 ஜனவரி 1 முதல், 25 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்கள், காலியிடம் உண்மையில் இருக்கிறதா என்பதைப் பொது விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. சட்டம் வராத இடங்களிலும், விளம்பரம் முதன்முதலில் வெளியான தேதியைக் காட்ட உங்களுக்கு யார் தடை? மாதக்கணக்கில் கிடக்கும் விளம்பரத்தை ‘நேற்று வெளியானது’ என்று புதுப்பித்துக் காட்டுவது நீங்கள் செய்துகொடுத்திருக்கும் வசதிதான்.

இனி என் கோரிக்கைக்கு வருகிறேன். ஒரே சாதனத்திலிருந்து பல நிறுவனப் பெயர்களில் திறக்கப்படும் கணக்குகள், வெவ்வேறு நிறுவனங்களின் பெயரில் எழுத்து மாறாமல் வருகிற பணி விவரங்கள், நெடுநாள் சும்மா கிடந்து திடீரென்று நூற்றுக்கணக்கில் விளம்பரம் போடத் தொடங்கும் பழைய கணக்கு ஆகியவற்றைப் பார்க்க முடிந்தவர்கள் நீங்கள் மட்டுமே. அவற்றைப் பார்த்துத்தான் பல விளம்பரங்களை நீக்குகிறீர்கள். நீக்கும் அந்த நேரத்தில், யார் யார் விண்ணப்பித்தார்கள் என்ற பட்டியலும் அவர்களுடைய மின்னஞ்சல் முகவரியும் உங்களிடம் இருக்கின்றன. ‘உங்களுக்கேற்ற புதிய வேலைகள்’ என்று நாள்தோறும் அதே முகவரிக்கு எழுதுகிறீர்கள். இந்த ஒரு செய்தியை மட்டும் அனுப்ப வழியில்லை என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

இதற்குச் சொல்லப்படக்கூடிய தடைகளை யோசித்துப் பார்த்தேன். தவறுதலாக ஒரு நல்ல நிறுவனத்தைப் போலி என்று சொல்லிவிட்டால் வழக்கு வரும் என்பது முதலாவது. போலி என்று தீர்ப்பு எழுத வேண்டாம். ‘விளம்பரம் கொடுத்தவரை எங்களால் உறுதிப்படுத்த முடியவில்லை, ஆகவே நீக்கினோம்’ என்ற உண்மையை மட்டும் சொன்னால் போதும். பிறகு அது சரியான நிறுவனம் என்று தெரிந்தால் அதையும் எழுதலாம். எச்சரிக்கைகள் அதிகமானால் தளத்தின் மீதான நம்பிக்கை குறையும் என்பது இரண்டாவது, வாய்விட்டுச் சொல்லப்படாத காரணமும் இதுதான் என்று நினைக்கிறேன். பணத்தை இழந்தவர் உங்கள் தளத்தை எப்படி நினைத்துக்கொள்வார் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மோசடிக்காரர் சுதாரித்துக்கொள்வார் என்பது மூன்றாவது. விளம்பரம் நீக்கப்பட்டது அவருக்கு அப்போதே தெரிந்துவிடுகிறது. தெரியாமல் இருப்பது விண்ணப்பித்தவருக்கு மட்டுமே.

செய்தி நீளமாக இருக்க வேண்டியதில்லை. இப்படி எழுதலாம்:

“நீங்கள் இன்ன தேதியில் விண்ணப்பித்த இன்ன வேலைக்கான விளம்பரத்தை, விளம்பரம் கொடுத்தவரை உறுதிப்படுத்த முடியாததால் இன்று நீக்கிவிட்டோம். இந்த வேலை தொடர்பாக யாராவது உங்களைத் தொடர்புகொண்டால் பணமோ ஆவணமோ ஓடிபியோ கொடுக்க வேண்டாம், அவர்கள் அனுப்பும் கோப்பைத் திறக்கவோ செயலியை நிறுவவோ வேண்டாம். ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் உடனே உங்கள் வங்கிக்குத் தெரிவித்து, காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். உரையாடல்களையும் கடிதங்களையும் அழிக்காமல் வைத்திருங்கள். அடையாள ஆவணம் கொடுத்திருந்தால் உங்கள் பெயரில் புதிய கடனோ சிம்மோ வாங்கப்பட்டிருக்கிறதா என்று அடுத்த சில மாதங்களுக்குக் கவனித்துவாருங்கள். விண்ணப்பத்தோடு நீங்கள் அனுப்பிய விவரங்களில் எவையெல்லாம் அவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கின்றன என்பதைக் கீழே கொடுத்திருக்கிறோம்.”

கடைசி வரியை நீங்கள் தயங்கி விட்டுவிடக்கூடும் என்பதால் தனியாகக் குறிப்பிடுகிறேன். தொலைபேசி எண், வீட்டு முகவரி, முந்தைய சம்பளம் என்று எது எது வெளியே போனது என்பது உங்கள் பதிவேட்டில்தான் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் தம்மைக் காத்துக்கொள்ள முதலில் தெரிந்துகொள்ள வேண்டியதும் அதுதான். கூடவே, விண்ணப்பப் பட்டியலில் ‘ஆள் எடுத்து முடிந்தது’ என்பதையும் ‘தளத்தால் நீக்கப்பட்டது’ என்பதையும் வெவ்வேறு வாசகங்களால் காட்டுங்கள். இவற்றை எப்போது நடைமுறைக்குக் கொண்டுவருவீர்கள் என்பதை, முடியாது என்றால் ஏன் முடியாது என்பதை, உங்கள் தளத்திலேயே எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வேலை தேடுவோருக்கு உதவும் பணியில் இருக்கும் ஒருவர்